கொதிகலனும் இரு கரைப் பாட்டும்

பாரந்தூக்கிக்குத் திட்டமிடுவது என்பது, நடக்கக்கூடாத ஒன்றை முன்கூட்டியே விவரமாக எழுதிவைத்து, அது நடக்காமற் போனதும் எல்லோரிடமும் ஏச்சு வாங்கும் தொழில். எச்சரிக்கை சொல்லியே பிழைத்த அன்பர்கள் இதனை விளக்கமின்றி உணர்வார்கள். எழுபதுகளில், சீனன்குடாக் கரையில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் ஆலையில் நான் அத்தொழிலைச் செய்தேன். கீழ்வருவன யாவும் ஒரே ஒரு கொதிகலனைப் பற்றியவை. தட்டைப் படகில் வந்திறங்கிய அதனை, மூன்று பக்கமும் சுவர் எழுந்துவிட்ட சீமெந்துப் பீடத்தில் தூக்கி வைக்க வேண்டும். பீடத்தில் நின்று கைச்சைகை காட்டி அதை இறக்க வேண்டியவர் கிண்ணியா இஸ்மாயில் காக்கா. அவருக்குப் பின்னால் சுவர். பாரம் ஆடினால் விலக இடமில்லை.

தரை

பாரந்தூக்கி நிற்க வேண்டிய இடம், கடலை மண்ணிட்டு நிரப்பிய நிலம். இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தேன். அது மறுப்பேதுமின்றி உள்ளே போயிற்று. ஆகவே, பாரந்தூக்கியின் கால்களுக்குக் கீழே புகையிரதச் சிலிப்பர் கட்டைகளை இரண்டடுக்காகப் பரப்ப வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். ஆலையின் முகாமையாளர், தாமதம் என்ற சொல் காதில் விழுந்தாலே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர். அன்றும் துடைத்தார். கட்டைகளுக்கு அனுமதி தந்தார், தரும்போது சொன்னார்: “வெள்ளைக்காரன்ர போர்க்கப்பலெல்லாம் வரிசையா நிண்ட இடம் இது. உங்கட கிரேன் ஒண்டு நிக்காதோ?”

காற்று

கொதிகலனை ஏற்றக் குறிக்கப்பட்ட சுபவேளை, ஆனி மாதத்துப் பிற்பகல் ஒன்றில் விழுந்தது. அந்த மாதத்தில் பிற்பகல் என்றால் கச்சான் எனும் பலத்த மேல்காற்று. என் தாளில் காற்றுக்கு வரம்பு இருந்தது. முகாமையாளரின் தாளில் நேரத்துக்கு வரம்பு இருந்தது. இரண்டும் ஒத்துவராதபடியால், நேரம் குறித்த ஐயரிடமே போனேன். வாக்குவாதத்துக்கு ஆயத்தமாகச் சென்ற எனக்கு அவர் அதற்கு இடமே தரவில்லை. “கச்சான் பஞ்சாங்கம் பாத்து வீசிறேல்லைத் தம்பி. காலமைக்கு ஒரு நேரம் தாறன், அதுவும் நல்ல நேரந்தான். ஆனா பாரம் விழுந்தா என்னைத் தேடி வரப்படாது.”

கயிறு

தூக்கிய பாரம் சுழலாதிருக்க, இரு புறமும் கயிறு கட்டி ஆட்கள் பிடிக்க வேண்டும். ஒரு கயிற்றில் சல்லி எனும் கரையோரக் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் கந்தப்பு. மறு கயிற்றில், வேறொரு கரையிலிருந்து வந்த, இஸ்மாயில் காக்காவின் ஊரவரான கிண்ணியாக்காரர். யாவும் கரைவலை இழுத்துப் பழகிய கைகள். ‘பிடிப்பது மட்டும், இழுப்பதில்லை’ என்று திட்டத்தில் எழுதியிருந்தேன். ஆனால் ஐயர் தந்த காலை வேளையில் கயிறு கையில் ஏறியதும் சல்லிக்காரர் அம்பா எனும் வலையிழுப்புப் பாட்டைத் தொடங்கிவிட்டனர். மறு கயிறும் சேர்ந்துகொண்டது. பாட்டின் அடிதோறும் ஓர் இழுவை. இழுவைதோறும் கொதிகலன் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடியது. பீடத்தில் இஸ்மாயில் காக்கா சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார். ஒவ்வோர் அடிக்கும் அந்த இரும்பு அவர் மார்பை நெருங்கித் திரும்பியது.

கயிற்றை விடச் சொன்னால் ஆட்டம் மிகும். பாட்டை நிறுத்தச் சொன்னேன். பாட்டுக்குள் என் குரல் கேட்கவில்லை. ஓய்வுநாட்களில் இரு கரையின் அம்பாக்களையும் கேட்டுத் திரிந்தவன் நான். முதலடி கரைக்குக் கரை வேறு என்பதை அறிவேன். கந்தப்புவின் காதருகே ஓடிப்போய், “நீங்கள் எடுத்த முதலடி பிழையெண்டு கிண்ணியாவில கதை,” என்றேன். பாட்டு அக்கணமே நின்றது.

“ஆர் சொன்னது பிழையெண்டு?” என்று எதிர்க் கயிற்றைப் பார்த்துக் கேட்டார் கந்தப்பு.

“பிழைதானே. எங்கட வாப்பாமார் அப்பிடிப் பாடயில்ல,” என்றது எதிர்க் கயிறு.

“வலை ஓட்டையெண்டா பாட்டும் அப்பிடித்தான் வரும்,” என்றார் கந்தப்பு.

இரு தரப்பும் கயிற்றை விறைப்பாகப் பிடித்தபடி முறைத்து நின்றன. எவரும் இழுக்கவில்லை, எவரும் விடவுமில்லை. திட்டத்தில் நான் எழுதியது அச்சொட்டாக நிறைவேறியது. ஆட்டம் அடங்கியதும் இஸ்மாயில் காக்கா கையைத் தாழ்த்தினார். கொதிகலன் பீடத்தில் அமர்ந்தது. கந்தப்பு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “பாரம் கிடக்கட்டும் ஐயா. முதல்ல பிழையெண்டு சொன்னவன்ர பேரைச் சொல்லுங்கோ.”

பாடபேதம்

சில நாட்களுக்குள் இந்நிகழ்ச்சி தேநீர்க்கடைகளில் மூன்று வடிவங்களில் வழங்கலாயிற்று. சல்லி வடிவத்தில், கந்தப்புவின் பாட்டுக்குக் கட்டுப்பட்டுக் கொதிகலன் நின்றது. கிண்ணியா வடிவத்தில், இஸ்மாயில் காக்கா பிஸ்மி சொல்லி உள்ளங்கையால் நிறுத்தினார். அலுவலக வடிவத்தில், முகாமையாளர் உரிய நேரத்தில் உரிய கட்டளையிட்டார்; அவர் அப்போது காலைச் சாப்பாட்டில் இருந்தார் என்ற செய்தி அவ்வடிவத்தில் விடுபட்டுள்ளது. மூன்றையும் ஒப்புநோக்கினேன், திட்டமிட்டவன் ஒன்றிலும் இல்லை. சற்றே மனத்தாங்கலுடன் இஸ்மாயில் காக்காவிடம் முறையிட்டேன். அவர் பிளேன்ரீ எனும் வெறுந்தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அந்தப் பாரம் மோதி நான் மவுத்தாகியிருந்தா ஒரேயொரு கதைதான் இருந்திருக்கும் சேர். அதில உங்கட பேர்தான் முதல்ல வந்திருக்கும்.”

எங்கள் தொழிலில் பெயரெடுப்பது என்பது, எந்தக் கதையிலும் பெயர் வராமற் பார்த்துக்கொள்வதே.