பெர்த்திலிருந்து ஏறிய புரை

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. திரும்பி வர இன்னும் மூன்று மாதம். அவள் போனதிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் எனக்குப் புரையேறியது. யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம். ஐம்பத்து நான்கு வயதில், பாதி வழுக்கையோடு இருக்கிற என்னை இத்தனை தடவை நினைக்க உலகத்தில் ஒருத்திதான் உண்டு.

மலேசியாவில் சிரம்பானிலிருந்து முக்கால் மணி நேரம் உள்ளே போனால் வரும் செம்பனைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. அலுவலகத்துக்குப் பின்னாலேயே வீடு. அவள் இருந்தவரை, எனக்குப் புரையேறினால் அடுப்படியிலிருந்து ஓடி வந்து உச்சந்தலையில் நான்கு தட்டுத் தட்டுவாள். இரண்டு அக்கறைக்கு, மற்ற இரண்டு தன் சொந்தக் கோபத்துக்கு. இப்போது என் தலையை நானே தட்டிக்கொண்டேன். ருசியே இல்லை.

ஒருநாள் புரை அடங்கியதும் போன் போட்டேன்.

“இப்ப என்னைய நெனச்சியா?”

“இல்லீங்க, பாப்பாவக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன்.”

“கொஞ்சம்கூடவா?”

“வேலை இருக்குலா. பசியாறிட்டீங்களா?”

வெட்கத்தில் மறைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் புரை கடைசியில்தான் வந்தது. முதலில் கோழித்துண்டோ ரொட்டியோ நெஞ்செலும்புக்குப் பின்னால் நின்றுவிடும். தள்ளிவிடத் தண்ணீர் குடிப்பேன். இறங்க வழியில்லாத தண்ணீர் மேலேறி வந்து மூச்சுக்குழாய்ப் பக்கம் எட்டிப் பார்க்கும். பிறகு இருமல், கண்ணீர், பெர்த். எனக்குப் பெர்த் வேண்டியிருந்தது. அதனால் நெஞ்சில் நிற்பதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு மதியம் லாரி டிரைவரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோழித்துண்டு வசமாகச் சிக்கியது. மீன்முள் சிக்கினால் வெறும் சோற்றை உருட்டி விழுங்குவது எங்கள் தோட்டத்து வைத்தியம். கோழிக்கும் அதுவே என்று எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை விழுங்கினேன். வாசலை நானே சிமெண்டு பூசி அடைத்தது போலாயிற்று. எச்சில்கூட இறங்கவில்லை. சாக்கடை ஓரம் குனிந்து துப்பிக்கொண்டே நின்றேன். டிரைவர் என் தலையை ஓயாமல் தட்டினான்.

“யாரோ பலமா நெனைக்கிறாங்கண்ணே!”

கொஞ்சம் நிறுத்தச் சொல்லுடா என்று சொல்லக்கூட வழியில்லை. அரைமணி நேரம் கழித்து அது தானாக இறங்கியது.

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினேன். புற்றுநோய் என்ற சொல் கண்ணில் பட்டதும் மற்றதைப் படிக்கவில்லை. மாலைக்குள் மரண அறிவிப்புக்குப் படம் தேர்ந்தெடுத்துவிட்டேன், மீசைக்குச் சாயம் பூசியிருந்தபோது எடுத்தது. என் மோட்டார் சைக்கிளை டிரைவருக்கு எழுதி வைத்தேன். தேம்பி அழுதபடியே இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தேன். அது தடையில்லாமல் ஓடியது. அவளிடம் சொன்னால் பச்சைப்பிள்ளையைப் போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். சொல்லாவிட்டால், அவள் வரும்போது இந்த மேசையில் அவளுக்கு எதிரே உட்கார நான் இருப்பேனா? அதுதான் பயம். மற்றதெல்லாம் நாடகம்.

மறுநாள் மோட்டார் சைக்கிள் பேச்சில் விஷயத்தை உளறிவிட்டேன், டிரைவர் விடவில்லை. சிரம்பானுக்கு ஏற்றிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் மகள் வயதில் ஒரு டாக்டர்.

“எது சிக்குது அங்கிள்? தண்ணியா, கெட்டியா உள்ளதா?”

“இறைச்சி, ரொட்டி. கஞ்சி ஓடிரும்.”

“முழுங்க ஆரம்பிக்கும்போதேவா?”

“முழுங்கினப்பறம். இங்க.” நெஞ்சைத் தொட்டேன்.

விழுங்குவதில் கோளாறு இரண்டு இடத்தில் வரும் என்றார். ஒன்று தொண்டை. பக்கவாதமோ நடுக்குவாதமோ வந்தவர்களுக்கு விழுங்கத் தொடங்கும்போதே தடுமாறும், தண்ணீர்கூடப் புரையேறும். மற்றது உணவுக்குழாய். அதன் தசை சரியாக வேலை செய்யாவிட்டால் சோறு, தண்ணீர் இரண்டுமே நிற்கும். வழி குறுகிவிட்டால் கெட்டியானது முதலில் நிற்கும். பல வருட நெஞ்செரிச்சலின் புண் ஆறி, தழும்பாகிக் குறுக்கியிருக்கலாம். கட்டியாகவும் இருக்கலாம். குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

“யாராச்சும் நெனைச்சா...” என்று இழுத்தேன்.

“அது எங்க பாடத்துல இல்ல அங்கிள்.”

குழாய் விட்டார்கள், சதை கிள்ளி எடுத்தார்கள். முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் கடவுளிடம் நான் கேட்டது அதே நான்கு தட்டுத்தான். முடிவு வந்தது. கட்டி இல்லை, தழும்புதான். பலூன் வைத்து வழியை விரித்தார்கள். மாத்திரை தந்து, இனி எச்சில்கூட இறங்காவிட்டால் நேராக ஆஸ்பத்திரிக்கு வரும்படியும், சோற்றை மட்டும் உருட்டவே கூடாதென்றும் டாக்டர் கண்டித்தார்.

அதன்பின் எல்லாம் இறங்கியது. கோழி இறங்கியது, ரொட்டி சானாய் இறங்கியது. மூன்று வாரமாக ஒரு புரைகூட ஏறவில்லை. எதிரே அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தபடி மடமடவென்று தண்ணீர் குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. என்னை யாருமே நினைக்காத வீடாகிவிட்டது.

அப்போதுதான் அவள் கூப்பிட்டாள்.

“ஏங்க, காலையிலேர்ந்து உங்க நெனப்பாவே இருக்கு. பாப்பா சிரிச்சா அப்படியே உங்க மூஞ்சி. பொரையேறுச்சா?”

வாயில் இருந்த ரொட்டியை மென்று விழுங்கினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து நன்றாக நான்கு முறை இருமினேன்.

“இப்பத்தான் ஏறுச்சு,” என்றேன். “செத்துப் பொழச்சேன்.”

“தலையத் தட்டிக்குங்க.”

தட்டிக்கொண்டேன்.