காசளவு பேட்டரி

மகள் தவழத் தொடங்கியதும் நானும் கணவரும் வீட்டைத் தலைகீழாக்கினோம். காலடிப்பேட்டையில் எங்களுடையது ஓர் அறையும் சமையலறையும் மட்டும் உள்ள மாடி வீடு. லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்முக்கு மூடி போட்டு மேலே கல்லை வைத்தோம். பழைய குளிர்பான பாட்டிலில் இருந்த பினாயில் பரணுக்குப் போனது. தரையோர பிளக்குகளில் டேப் ஒட்டினோம். துறைமுகத்தில் கன்டெய்னர் பழுதுபார்க்கும் கணவர், படிக்கட்டுக்குக் கம்பிக் கதவு ஒன்றை அவரே வெல்டிங் செய்து மாட்டினார்.

கார்த்திகை வந்தது. இந்த வருஷம் வீட்டுக்குள் தீ வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். யானைக்கவுனிப் பக்கம் போய், பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் அகல்விளக்கு ஒரு டஜன் வாங்கி வந்தேன்.

சாயங்காலம் அவற்றை ஜன்னலோரம் தரையில் வரிசையாக வைத்துவிட்டுப் பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். பின்னால் ஓர் இருமல். திரும்பினால், மகள் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். எச்சில் நூலாக ஒழுகியது. பக்கத்தில் ஒரு விளக்கு கவிழ்ந்து கிடந்தது. அடிமூடி தனியாக. பேட்டரி இருந்த குழி காலி.

அடுப்பை அணைத்தேன். பாயை உதறினேன், கட்டிலுக்கு அடியில் துழாவினேன். கிடைக்கவில்லை. என் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அக்கா ஓடி வந்தார்.

“இன்னாமா ஆச்சு? கொயந்த ஏன் இப்டி எச்சி உடுது?”

“பேட்டரிய முழுங்கிட்டான்னு நினைக்கிறேங்க்கா.”

“ஒரு வாயப்பயம் குடு. அதோட சேந்து வவுத்துக்குப் போய்டும்.”

நானும் உரித்துவிட்டேன். வாயருகே கொண்டுபோனபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுகையில் சத்தமே இல்லை. பழத்தை வைத்துவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன்.

“எதுவும் குடுக்காத. ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போ. நா நேரா அங்க வந்துர்றேன்” என்றார்.

அக்காவும் உடன் ஏறிக்கொண்டார். ஆட்டோக்காரர் ஒருமுறைதான் திரும்பிப் பார்த்தார்.

“மெயின் ரோட்ல கன்டெய்னரு வரிசயா நிக்குதுமா. உள்ளாற பூந்து போறேன். கொயந்தய நேரா புட்ச்சிக்கோ.”

சந்து சந்தாகப் போனோம். எல்லா வாசலிலும் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மகளின் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கு மேலே ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது.

“காசா டாக்டர்?” என்றேன், அப்படியாவது இருக்காதா என்ற ஆசையில்.

“விளிம்புக்குள்ள இன்னொரு வளையம் தெரியுது பாருங்க. பேட்டரிதான். உணவுக்குழாய்ல சிக்கியிருக்கு. அங்கேயே இருந்தா அந்த இடம் வெந்துபோகும். உடனே எடுக்கணும். சாப்பிட ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்ல டாக்டர்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கணவர் கரி படிந்த வேலைச் சட்டையோடு வந்து கையெழுத்துப் போட்டார். மகளை உள்ளே கொண்டுபோனார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். “நாந்தான அதை வாங்கினேன்” என்றேன். அவர் கதவையே பார்த்தபடி, “நானும்தான பாத்தேன். நல்லாருக்குன்னுதான சொன்னேன்” என்றார்.

டாக்டர் வெளியே வந்து ஒரு சின்னக் கிண்ணத்தைக் காட்டினார். பேட்டரியின் ஒரு பக்கம் கருத்திருந்தது. புண் ஆழமில்லை, சீக்கிரம் வந்தது நல்லதாயிற்று என்றார். சில நாள் மூக்கு வழியாகக் குழாயில்தான் பால் போனது. முதன்முதலாக வாயால் கஞ்சி குடித்த அன்று, கரகரத்த குரலில் கத்தி, கிண்ணத்தை இழுத்து, இன்னும் கேட்டு அடம்பிடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கரகரப்பு போக மேலும் சில வாரங்கள் ஆயின.

வீட்டுக்கு வந்த மறுநாள் அக்கா படியேறி வந்தார். கையில் அவர் மகன் விளையாடும் பாட்டுப் பாடும் பொம்மை.

“இதுலயும் அது கீதா பாரேன்.”

கணவர் அதைத் திருப்பினார். மூடிக்கு ஸ்க்ரூ இல்லை. நகத்தால் நெம்பியதுமே திறந்துகொண்டது.