ரப்பரைக் கழற்றிய வண்டியும் இறுக்காத டெர்மினலும்

இழுத்த ஸ்டார்ட்டர் குமிழை விட்டுவிட்டேன். ஸ்டார்ட்டர் நிற்கவில்லை. சாவியைத் திருப்பினேன், அப்போதும் நிற்கவில்லை. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பக்கத்து சீட்டில் என் மகள் மைதிலி உட்கார்ந்திருந்தாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்றும் தெருவில் ஏதாவது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இழுத்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். திருச்சி பாலக்கரையில் ஒரு மோட்டார் ஷெட்டில் ஃபோர்மேனாக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பந்தய வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, "சாலிட் மவுண்ட் நல்லதா, கெட்டதா சார்?" என்று கேட்கிறார்கள். இரண்டையும் எழுதிவைக்கிறேன். கூடவே நான் செய்த தப்பையும்.

1. ரப்பர் போனது

வண்டி சீமையிலிருந்து வந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். சொந்தக்காரர் லால்குடி ரைஸ் மில் முதலாளியின் மகன் சந்தானம். வருஷத்துக்கு ஒருமுறை மெட்ராஸ் பக்கம் போய்ப் பந்தயத்தில் ஓட்டுவார். மற்ற நாளில் அதே வண்டியில்தான் மில்லுக்கும் போவார்.

இஞ்சினுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவில் ரப்பர் வைத்த மவுண்ட் இருக்கும். இஞ்சின் நடுக்கத்தை அது வாங்கிக்கொள்ளும். இந்த வண்டியில் அந்த ரப்பர் எண்ணெயில் ஊறிக் களியாகிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இஞ்சின் ஒரு பக்கம் சாயும். விட்டால் மறுபக்கம் விழும். கியர் லீவர் கையிலிருந்து துள்ளும். புது மவுண்ட் வரவழைக்க இம்போர்ட் லைசென்ஸ் வேண்டும். பந்தயத்துக்கோ மூன்று வாரம்தான் இருந்தது.

"ரப்பரே வேணாங்க ஃபோர்மேன்," என்றார் சந்தானம். "இரும்புல கடைஞ்சு போட்டுடுங்க. ரேஸ் வண்டிக்கு எல்லாம் அப்படித்தான் போடுறாங்களாம்."

லேத்தில் நான்கு இரும்புக் கட்டை கடைந்து போட்டோம். இதுதான் சாலிட் மவுண்ட். முன்னால் சாலிட், பின்னால் ரப்பர் என்று அரைகுறையாகப் போட்டால் கியர்பாக்ஸ் கேசிங்கில் விரிசல் விழும் என்று கியர்பாக்ஸுக்கும் சாலிட்தான். அப்போது இஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகிற எர்த் ஸ்ட்ராப், அந்தச் செம்புப் பின்னல் பட்டை, கட்டைக்கு இடைஞ்சலாக இருந்தது. இரும்போடு இரும்பு உட்கார்ந்துவிட்டதால் கரண்ட் திரும்பிப் போக அதுவே வழி; பட்டை எதற்கு என்று கழற்றிப் பழைய நட்டு போல்ட் கிடக்கும் டப்பாவில் போட்டேன். எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பஷீர் பாய் அந்த வாரம் தங்கை கல்யாணத்துக்கு லீவு. அவரிடம் பிறகும் சொல்லவில்லை. வேலை விவரத்துக்கான ஜாப் கார்டிலும் எழுதவில்லை.

2. நல்லதும் கெட்டதும்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கியர் விழுந்தது தெரிந்தது. கால் அழுத்திய அந்த நொடியே வண்டி கிளம்பியது. இஞ்சின் சாயாததால் ஃபேன் போய் ரேடியேட்டரில் உரசும் பயம் இல்லை. திருப்பத்தில் வண்டி ஒரே கட்டையாக நின்றது. சந்தானம் பந்தயத்தில் மூன்றாவதாக வந்து, ஷெட்டில் எல்லாருக்கும் அசோகா அல்வா வாங்கிக்கொண்டு வந்தார்.

கெட்டது மெதுவாக வந்தது. இஞ்சின் நடுக்கம் முழுக்க வண்டிக்கு இறங்கியது. கண்ணாடியில் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்று தெரியாது. ஹெட்லைட் பல்பு மாதம் ஒன்று போனது. ரேடியேட்டர் ஈயப்பற்று இரண்டு தடவை விட்டது. சைலன்சர் பிராக்கெட் முறிந்தது. செம்புப் பெட்ரோல் பைப் கழுத்தில் மயிரிழை விரிசல். நல்லவேளை, அதை நாங்கள் கண்ணால் பார்த்துவிட்டோம்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது சந்தானத்தின் மனைவி. ஒருநாள் இருவரும் அந்த வண்டியில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனார்கள். திரும்பும்போது அந்த அம்மாள் பஸ்ஸில் வந்தார். "பெருமாள் முன்னாடி போய் நின்னேன். அவர் சும்மாத்தான் படுத்திருந்தார். எனக்குத்தான் அவரும் ஆடுற மாதிரி இருந்துச்சு. இனிமே அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்," என்றாராம்.

சந்தானம் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்: "ரப்பரையே போட்டுடுங்க ஃபோர்மேன். எனக்கு மூணாவது பிரைஸ் போதும். சம்சாரம் வேணும்."

டயர் ரீட்ரெட் செய்கிற கடையில் இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் ரப்பரை வேகவைத்து மவுண்ட் செய்து வாங்கினோம். அருமையாக வந்தது. இஞ்சினை ஜாக்கியில் தூக்கி, நான்கையும் நானே பொருத்தினேன். டப்பாவில் போட்ட பட்டை எனக்கு நினைவுக்கே வரவில்லை.

3. சனிக்கிழமை மத்தியானம்

பஷீர் பாய்க்கு ஒரு பழக்கம். இஞ்சின் வேலை பார்த்த வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி டெர்மினலைக் கையால் அழுத்தித்தான் வைப்பார். ஸ்பேனர் போட மாட்டார். ஓடிப் பார்த்த பிறகுதான் இறுக்குவார். எனக்கு அது பிடிக்காது. வேலையை முடிக்காமல் முடித்தேன் என்று சொல்வதாகப் பட்டது. ஒருமுறை கஸ்டமர் எதிரிலேயே, "இது பழக்கம் இல்ல பாய், சோம்பேறித்தனம்," என்று சொல்லியிருக்கிறேன். அவர் பழக்கத்தை விடவில்லை.

வேலை முடிந்த வண்டியைக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை ஓட்டிப் பார்ப்பது எங்கள் ஷெட் வழக்கம். பாலத்தின் ஜாயின்ட்டுகளில் எந்த லூஸும் சத்தம் போட்டுவிடும். என் வீடும் ஸ்ரீரங்கத்தில்தான். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்து மைதிலி ஷெட்டுக்கு வருவாள். இருவரும் சேர்ந்து பஸ்ஸில் போவோம். அன்று நான், "வா, இன்னிக்கு இதுலயே போலாம்," என்றேன். அவளுக்குப் பதினாலு வயது. மேல்கூரை இல்லாத வண்டி. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

சோக்கை இழுத்தேன். ஸ்டார்ட்டரை இழுத்தேன். இஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி முனகியது.

"பாய்! உங்க லூஸ் டெர்மினல் வேலையைக் காட்டுது பாருங்க," என்று கத்தினேன்.

பஷீர் பாய் ஷெட் ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "டெர்மினல் நல்லா உக்காந்துருக்கு சார். இழுக்காதீங்க, வந்து பாக்கறேன்," என்றார்.

இழுத்தேன். மறுபடி இழுத்தேன்.

"அப்பா, முழங்கால்கிட்ட சுடுது," என்றாள் மைதிலி.

"இஞ்சின் சூடும்மா."

"இன்னும் ஸ்டார்ட்டே ஆகலையேப்பா?"

அவள் சொன்னது சரி. அதைக் காதில் வாங்காமல் நான்காவது தடவை இழுத்தேன். அப்போதுதான் ஸ்டார்ட்டர் நிற்காமல் போனது.

நடந்தது இதுதான். ரப்பர் வந்துவிட்டது, பட்டை இல்லை. ஸ்டார்ட்டர் குடிக்கிற அத்தனை கரண்டும் சேஸிஸுக்குத் திரும்ப வழி தேடி, மெல்லிய சோக் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. கேபிள் அடுப்புக் கம்பி போலச் சிவந்துவிட்டது. அதன் ஒரு முனை மைதிலியின் முழங்கால் பக்கம் டாஷ்போர்டில், மறுமுனை பெட்ரோல் இருக்கும் கார்புரேட்டரில். திரும்பத் திரும்ப இழுத்ததில் ஸ்டார்ட்டர் சுவிட்ச் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதைச் சாவி நிறுத்தாது. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. மைதிலியின் பாவாடை விளிம்பு கருகியது. கதவைத் திறக்க உள்ளே ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். செத்துப்போன சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"குனிம்மா!" என்று ஒரு குரல். பஷீர் பாய் சோற்றுக் கையோடு ஓடிவந்து, அவள் தலைக்கு மேலாகச் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டார். பேட்டரி அங்கேதான். மூடியைத் தட்டிவிட்டு டெர்மினலைப் பிடுங்கினார். ஒரு பொறி. எல்லாம் நின்றது.

ஸ்பேனரால் இறுக்கியிருந்தால் அது கையோடு வந்திருக்காது.

அவரே கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்து, "வெளிய வாம்மா. ஒண்ணுமில்ல," என்றார். அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு ரூபாய் வட்டத்துக்குச் சிவந்திருந்தது. அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு அந்தப் பட்டை நினைவுக்கு வந்தது.

டப்பாவைக் கவிழ்த்துப் பட்டையை எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன். பார்த்தார். எப்போது கழற்றினேன் என்று கேட்கவில்லை. அதைப் பொருத்தி, ஸ்டார்ட்டர் சுவிட்சையும் சோக் கேபிளையும் மாற்றச் சாயங்காலம் ஆகிவிட்டது. இழுத்ததும் அரைச் சுற்றில் இஞ்சின் பிடித்தது. ரப்பர் மேல் பூனை மாதிரி உட்கார்ந்து ஓடியது.

பஷீர் பாய் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஃபோர்மேன் சார், இப்ப டைட் பண்ணட்டுமா? இல்ல, இன்னும் கொஞ்சம் சோம்பேறியா இருக்கட்டுமா?"

ஷெட்டே சிரித்தது. மைதிலியும் சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்க அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க சார், கையில கிரீஸ்," என்று அவரே விடுவித்துக்கொண்டார்.

4. கேட்டவர்களுக்கு

பந்தயம் மட்டும் ஓடுகிற வண்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பைப்பையும் போல்ட்டையும் பார்க்க ஆள் இருக்கிறது என்றால், சாலிட் மவுண்ட் நல்லது. மில்லுக்கும் கோயிலுக்கும் போகிற வண்டிக்கு ரப்பர்தான். எதை மாற்றினாலும் அதோடு சேர்த்து எதைக் கழற்றினீர்கள் என்று ஜாப் கார்டில் எழுதுங்கள். நான் எழுதாத ஒரு வரிக்கு விலையாகப் போயிருக்கக்கூடியதை இன்னும் முழுசாக நினைத்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

இப்போது எங்கள் ஷெட்டில் முதல் ஸ்டார்ட்டுக்கு எந்த டெர்மினலையும் இறுக்குவதில்லை. ஃபோர்மேன் உத்தரவு என்று பலகையில் எழுதியிருக்கிறது. அது பஷீர் பாய் உத்தரவு என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்டார்ட்டரை இழுக்கிறபோது பக்கத்தில் இருக்கிறவர் எதைச் சொன்னாலும் முதலில் கையை எடுத்துவிடுகிறேன். காரணத்தைப் பிறகு கேட்கிறேன்.

அன்று நாங்கள் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனோம். பாலத்தின் மேல் போகும்போது மைதிலி, "அம்மாகிட்ட என்னப்பா சொல்றது?" என்றாள்.

"நீ சுடுதுன்னு சொன்னே, அப்பா கேக்கலன்னு சொல்லு," என்றேன்.

"பஷீர் மாமா கேட்டாருன்னு சொல்றேன்," என்றாள்.