ஹார்ன் அடிக்காத சொல்தா

ரொலான் என்று பெயரைக் கேட்டதும் பூனைக்கண்ணும் சிவந்த மூக்குமாக ஒரு வெள்ளைக்காரரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆள் நல்ல கறுப்பு. காலையில் பழைய சோறு, மத்தியானம் மீன் குழம்பு. பாஸ்போர்ட் மட்டும்தான் பிரெஞ்சு. மீசை முளைத்த கையோடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஜிபூத்தி, ஜெர்மனி என்று சுற்றிவிட்டு, அப்புறம் பிரான்சின் துலூஸ் நகரத்தில் டவுன் பஸ் ஓட்டி, இரண்டாயிரத்து நான்கில் மனைவி மார்கரீத்தோடு புதுச்சேரிக்கே திரும்பி வந்துவிட்டவர். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை விட அவருக்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது.

வந்ததும் முதல் வேலையாகச் சாம்பல் நிறத்தில் ஒரு சான்ட்ரோ வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மார்கரீத்தை வீட்டில் இறக்கிவிட்டு, தாவரவியல் பூங்கா மதிலோரம் மர நிழலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். அங்கே இன்னும் இரண்டு வண்டிகள் காத்திருக்கும். ஒன்று அரிகிருஷ்ணனுடையது. அவர் குவைத்தில் ஒரு கம்பெனி முதலாளிக்கு டிரைவராக இருந்து, சம்பாதித்த காசில் இங்கே சொந்தமாக ஒரு இண்டிகா வாங்கியவர். மற்றொன்று டயர் கடை தணிகாசலத்தின் வெள்ளை அம்பாசடர். தணிகாசலம் திருப்பதியைத் தாண்டி எங்கும் போனவரில்லை. ஆனால் பேச்சில் மற்ற இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

டீ வந்ததும் ஆரம்பித்துவிடும்.

"குவைத்துல ரோடு எப்படி இருக்கும் தெரியுமா? டம்ளர் நெறைய டீய ஊத்தி முன்னாடி வெச்சிட்டு நூத்தி நாப்பதுல போவலாம். ஒரு சொட்டு சிந்தாது" என்பார் அரிகிருஷ்ணன்.

"அதான் குடிக்காம கொள்ளாம இப்புடி காஞ்சி போயி வந்திருக்க" என்பார் தணிகாசலம்.

ரொலானுக்கு எல்லைதான் பெரிய ஆதங்கம். "நான் ஸ்திராஸ்பூர்லேர்ந்து ஆத்துப் பாலத்த தாண்டி ஜெர்மனிக்குப் போனேன். வேற நாடு, வேற பாஷ. ஒருத்தன் கைய நீட்டி நிறுத்தல. இங்க தமிழ்நாட்டு எல்லைய ஒட்டி கோட்டக்குப்பத்துல இருக்குற மச்சான் வீட்டுக்குப் போறேன், டிக்கியத் தொறன்றான்!"

"புதுச்சேரி நம்பரப் பாத்தா உள்ள பாட்டில் இருக்குமான்னு பாக்கத்தான் செய்வான்" என்பார் தணிகாசலம்.

"என் டிக்கியில கொடதான்யா இருந்துச்சி!"

"அத சொல்லியிருந்தா இன்னும் நல்லாத் தேடியிருப்பான்."

இப்படியே போகும். குவைத்தில் பெட்ரோல் தண்ணீர் விலை என்பார் ஒருவர். பிரான்சில் லைசன்ஸ் வாங்குவதற்குள் தலைமுடி நரைத்துவிடும் என்பார் இன்னொருவர். அம்பாசடரில் ஏழு பேரும் ஒரு ஆட்டுக்குட்டியும் போகலாம், உங்கள் வண்டியில் முடியுமா என்பார் மூன்றாமவர். கடைசியில் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கும். அது ஹார்ன்.

"துலூஸ்ல எத்தினி வருசம் பஸ் ஓட்டினேன்! ஹார்ன் அடிச்சத விரல் விட்டு எண்ணிடலாம்" என்பார் ரொலான். அதைச் சொல்லும்போது நெஞ்சு தானாக நிமிரும். "அங்க ஹார்ன் அடிக்கறது ஒருத்தன வாயால திட்டறதுக்கு சமம். ஒழுங்கா ஓட்டறவனுக்கு அது எதுக்கு?"

"யோவ் சொல்தா, பிரேக்கு புடிக்கலன்னாக்கூட கியர வெச்சி சமாளிச்சிடுவேன். ஹார்ன் போச்சின்னா ஷெட்ட வுட்டு வண்டிய எடுக்கமாட்டேன். இந்த ஊர்ல பேசாம போறவன்தான்யா திருடன்" என்பார் தணிகாசலம்.

ரொலான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். திருத்த முடியாத ஜென்மம் என்று அந்தச் சிரிப்புக்குப் பொருள்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் வண்டி ஓட்டுகிற அழகே தனி. ஆள் இல்லாத சந்திலும் சிக்னல் போட்டுத்தான் திரும்புவார். ஜனங்கள் கடக்க ரோட்டில் வெள்ளைக்கோடு போட்டிருந்து, ஓரத்தில் ஒருவர் நின்றுவிட்டால் போதும், வண்டி நின்றுவிடும். "போங்க, போங்க" என்று கையைக் காட்டுவார். நம் ஜனங்கள் முதலில் வண்டி ரிப்பேர் என்று நினைப்பார்கள். அப்புறம் வழி கேட்கப் போகிறார் என்று கிட்டே வருவார்கள். விஷயம் புரிந்ததும் வெட்கப்பட்டு ஓடுவார்கள். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் வைகிற வசவை ரொலான் காதில் வாங்குவதே இல்லை.

அப்படித்தான் அன்றைக்கும் அண்ணா சாலையில் நிறுத்தினார்.

ஓரத்தில் நின்றவளின் பெயர் சின்னப்பொண்ணு. அரியாங்குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் வாழையிலைக் கட்டு கொண்டுவந்து, டவுனில் உள்ள மெஸ்களுக்குப் போடுகிறவள். தலையில் பெரிய கட்டு. அந்தக் கட்டோடு அவளால் நேராகப் பார்க்க முடியும், பக்கவாட்டில் திரும்புவது கஷ்டம். ரொலான் கையைக் காட்டினார். அவள் தயங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி காட்டினார். அவள் இறங்கி நடந்தாள். சான்ட்ரோவின் மூக்கைத் தாண்டி அந்தப் பக்கம் வெளிப்பட்ட நிமிஷம், பின்னாலிருந்து வலது பக்கமாக ஒரு பைக் முந்திக்கொண்டு வந்தது.

பைக்காரன் கெட்டவன் இல்லை. சேதராப்பட்டில் கம்பெனி வேலை, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. முன்னால் ஒரு கார் சும்மா நிற்கிறது, சுற்றிக்கொண்டு போனான். அவ்வளவுதான். காருக்கு முன்னால் ஒரு மனுஷி நடக்கிறாள் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? பிரேக் போட்டும் வண்டி வழுக்கி அவள் காலில் இடித்தது. வாழையிலை ரோடு முழுக்க விரிந்து கிடந்தது. ரொலானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மோன் தியே, மோன் தியே" என்று தன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். பைக்காரன்தான் அழுதுகொண்டே அவளைத் தூக்கி சான்ட்ரோவில் ஏற்றினான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது ரொலான் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுவிட்டார்.

மறுநாள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு மார்கரீத்தோடு போனார். சின்னப்பொண்ணு மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். ஹார்லிக்ஸை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"உன்ன யாருய்யா நிறுத்தச் சொன்னது?"

ரொலான் கையிலிருந்த ஆரஞ்சுப் பையைக் கட்டிலோரம் வைத்தார்.

"ஓடுற வண்டியா இருந்தா நானே கட்ட ஒரு கையில புடிச்சிக்கினு, அந்தாண்ட இந்தாண்ட பாத்துப் போயிருப்பேன். இத்தினி வருசமா அப்பிடித்தான போறேன். நீ நிறுத்திட்டு போ போன்னு கையக் காட்டுன. பெரிய மனுசன் சொல்றாரேன்னு நம்பி, பாக்காம வந்தேன்." அவள் கண் கலங்கிவிட்டது. "இனிமே ஓடுற வண்டிக்கு முன்னாடி வேணா போவேன் சொல்தாய்யா, நீ நிறுத்துன வண்டிக்கு முன்னாடி காலெடுத்து வெக்கமாட்டேன்."

மார்கரீத் ஏதோ சமாதானம் சொன்னாள். ரொலான் காதில் எதுவும் ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பூங்காவுக்கு நடந்தே வந்தார். அரிகிருஷ்ணன் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். "அண்ணே, இதுல உங்க தப்பு என்னா இருக்குது? குவைத்தா இருந்தா பைக்காரன உள்ள தூக்கி வெச்சிருப்பான். பிரான்ஸ்ல உங்களுக்கு..."

"பேசாத!" என்று கத்தினார் ரொலான். அவர் குரல் அப்படி உயர்ந்து அந்த மதில்கூடக் கேட்டதில்லை. "குவைத்தும் வேணாம், பிரான்சும் வேணாம். அந்தம்மா அண்ணா சாலையில இல்ல விழுந்து கெடந்தா!"

டீ ஆறிப்போனது. தணிகாசலத்துக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நண்பனின் முகத்தைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கிக்கொண்டார்.

சான்ட்ரோ ஷெட்டுக்குப் போனது. மேலே ஒரு பழைய போர்வை. பூசைக்கு ஆட்டோ, மார்க்கெட்டுக்கு நடை. "வித்துடுங்களேன்" என்றாள் மார்கரீத். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. வண்டியை விற்றுவிடலாம், அந்தம்மா சொன்ன சொல்லை எந்தச் சந்தையில் விற்பது? தன் வண்டி நின்றால் ஆபத்து என்று ஒரு மனுஷி நினைத்துக்கொண்டிருக்கிறாளே, அதுதான் அவரைத் தின்றது. எத்தனை நாட்டு ரோட்டில் ஓட்டினார்! பனியில் ஓட்டினார், பாலைவன மணலில் ஓட்டினார். ஒரு கோழிக்குஞ்சுகூட அவர் சக்கரத்தில் அடிபட்டதில்லை. கடைசியில் சொந்த ஊரில், வண்டியை நிறுத்தி வைத்து ஒரு காலை உடைத்திருக்கிறார்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள். கையில் மார்க்கெட் பையோடு அதே வெள்ளைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தார். கடக்க முடியவில்லை. பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, பைக் என்று விட்டுக் கொடுக்காமல் வந்துகொண்டே இருந்தன. அப்போது ஒரு வெள்ளை அம்பாசடர் வந்து அவர் முன்னால் நின்றது. நின்றது மட்டுமா! ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரே பிடியாக ஹார்ன். ஜன்னலுக்கு வெளியே ஒரு தடித்த கை நீண்டு, உள்ளங்கை பின்பக்கமாக விரிந்திருந்தது. உள்ளே தணிகாசலம்.

ரொலானுக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகிவிட்டது. தன்னைத்தான் அவசரப்படுத்துகிறான் என்று முதலில் கோபம்கூட வந்தது. விறுவிறுவென்று நடந்தார். பாதி ரோட்டில் திரும்பிப் பார்த்தார். அம்பாசடருக்கு வலது பக்கம் மூன்று பைக்குகள் நின்றிருந்தன. ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது. எல்லாரும் எரிச்சலோடு, என்னடா என்று எட்டி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! அந்தக் கூப்பாடு அவருக்கானதே இல்லை. பின்னால் வருகிறவர்களுக்கு.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஹார்ன் நின்றது. தணிகாசலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஷெட்டிலிருந்து பயங்கரச் சத்தம் கேட்டு மார்கரீத் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். போர்வையை எடுத்துப்போட்டு, சீட்டில் உட்கார்ந்து, ரொலான் ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்னா ஆச்சி? பைத்தியமா புடிச்சிடுச்சி?"

"கை வர மாட்டேங்குது மார்கரீத். அமுக்கினா தானா எடுத்துக்குது. திட்டற மாதிரியே இருக்குது." மறுபடி ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "பழகிக்கணும்."

அவள் கரண்டியைத் தாழ்த்தினாள். பிறகு, "பக்கத்து வீட்டுக் கொழந்த தூங்குது. காலையில பழகுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஊன்றுகோலோடு சின்னப்பொண்ணு வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று மெஸ்காரர் மூலம் தெரிந்தது. மறுநாளே சான்ட்ரோ வெளியே வந்தது. அண்ணா சாலையில் வெள்ளைக்கோட்டின் ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். தலையில் முன்னே இருந்ததில் பாதிக் கட்டு. வண்டியைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

ரொலான் நிறுத்தினார். வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி விரித்தார். இடது உள்ளங்கையை ஹார்ன் மேல் வைத்து, கண்ணை ஒரு முறை மூடித் திறந்து, அழுத்தினார்.

அடேங்கப்பா! அவ்வளவு சின்ன வண்டிக்குள் அவ்வளவு பெரிய சத்தம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பைக்குகள் நின்றன. ஆட்டோ நின்றது. "என்னாய்யா?" என்று ஒருவன் கத்தினான். ரொலான் கையை எடுக்கவில்லை. சின்னப்பொண்ணு அசையவில்லை. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். இவரும் அவளையே பார்த்தார். இந்தத் தடவை போ என்று கையைக் காட்டவில்லை. அதற்கு அவருக்குத் தைரியமும் இல்லை. ஹார்ன் மட்டும் கதறிக்கொண்டே இருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொள்ள ஒரு கை மிச்சமில்லை.

சின்னப்பொண்ணு இலைக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்போடு திரும்பி, அவர் வண்டிக்குப் பின்னால் ஒரு நீண்ட பார்வை பார்த்தாள். அத்தனை வண்டிகளும் நின்றிருந்தன. ஊன்றுகோலை ரோட்டில் வைத்தாள். அப்புறம் காலை வைத்தாள்.

மெதுவாக நடந்தாள். சான்ட்ரோவின் முன்னால் வந்ததும் ஒரு நிமிஷம் நின்று, "காது கிழியிது!" என்று திட்டினாள். அவர் விடவில்லை. மறுபடி நடந்தாள். நடுக்கோட்டைத் தாண்டினாள். எதிர்ப்பக்க வண்டிகளும் என்னவோ ஏதோ என்று நின்றுவிட்டிருந்தன. நடைபாதையில் ஏறிவிட்டாள். ஹார்ன் அப்போதும் நிற்கவில்லை. ரொலானின் கண்ணில் வேர்வையோடு வேறு தண்ணீரும் சேர்ந்துகொண்டு, அவருக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து சின்னப்பொண்ணு ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டிக் கத்தினாள்.

"வந்துட்டேன் சொல்தாய்யா! வந்து சேந்துட்டேன், கைய எடு!"