ரைட் அவுட் பேச்சிமுத்துவும் எங்கள் மெடிக்கலும்

கல்லூரியில் பிசிகல் டைரக்டர் என்றால் விசில் ஊதச் சம்பளம் வாங்குகிறவன் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். பெண் கொடுத்த மாமனாரே அப்படித்தான் நினைத்தார். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத்தான் உண்மை தெரியும். பந்துக்குக் காற்றடிப்பது முதல் தோற்றதற்குக் காரணம் சொல்வது வரை எல்லாம் நம் தலையில்தான் விடியும். அதிலும் ஆடுகிற பையன்களின் உடம்பைச் சோதிக்க வருஷா வருஷம் மெடிக்கல் என்று ஒன்று வருமே, அது நெருங்கினாலே எனக்குச் சோறு இறங்காது. நன்றாக ஆடுகிறவனாகப் பார்த்துத்தான் டாக்டர் வேண்டாம் என்பார். எழுபதுகளில் பாலக்காட்டில் ஒரு தனியார் கல்லூரியில் ஃபுட்பால் டீமை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்கள் கதை மாதிரியே இருந்தால் என் மேல் பழி போடாதீர்கள்.

இடம் மாறாத ஆள்

பேச்சிமுத்து வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை. விளையாட்டுக்காகக் கொடுக்கிற சீட்டில் பி.ஏ. சேர்ந்தான்; ஹாஸ்டலும் அதே கணக்கில்தான். ஆள் ஒல்லி. மலைச் சரிவில் ஓடிப் பழகிய கால், எங்கள் சமதரையில் கேட்க வேண்டுமா? ஆடுகிற இடம் ரைட் அவுட், அதாவது வலது ஓரம். பந்து காலில் வந்துவிட்டால் வலது பக்கக் கோட்டை ஒட்டியே ஓடுவான். அவனைப் பிடிக்க நினைத்த ஃபுல் பேக்குகள் பலபேர் அந்தக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்திருக்கிறார்கள்.

ஒருநாள் எங்கள் லெஃப்ட் அவுட்டுக்குக் காய்ச்சல். பேச்சிமுத்துவை இடது பக்கம் போய் ஆடச் சொன்னேன். கொடிக் கம்பம் தூக்கு என்றாலும் வலை கட்டு என்றாலும் மறுபேச்சுப் பேசாதவன், அன்றைக்கு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அதட்டினேன், கெஞ்சவும் செய்தேன். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "கோல் போஸ்ட்டுக்குள்ள வேணும்னாலும் நிக்கேன் சார். அந்தப் பக்கம் மட்டும் என்னைய அனுப்பாதீய."

விசு டாக்டரின் கடிகாரம்

எங்கள் கல்லூரி டாக்டரை விசு டாக்டர் என்போம். கல்பாத்திக்காரர். கோபமே வராது, ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். பேச்சிமுத்துவுக்கு முதல் மெடிக்கல் நடந்தபோது அவன் மணிக்கட்டைப் பிடித்தவர், கொஞ்ச நேரத்தில் கையை விட்டுவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் நாடியைப் பிடித்தார். மலையில் ஓடி வளர்ந்த பையன்களுக்கு நாடி நிதானமாகத்தான் அடிக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் இத்தனை நிதானத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இவன் ஓடிட்டு வந்திருக்கானா, ஒறங்கி எழுந்து வந்திருக்கானா?"

பழனிச்சாமியின் தும்மல்

வினை அடுத்த வருஷம் கண் பரிசோதனையில் வந்தது. விசு டாக்டர் எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, அதன் பக்கத்தில் நின்று ஒரு குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொடுவார். அவர் பார்வை அட்டையை விட்டு நகராது. "வலது கண்ணைப் பொத்து" என்பார், பையன் படிப்பான். "இனி மத்தது" என்பார், மறுபடியும் படிப்பான். பேச்சிமுத்து போன வருஷம் மாதிரியே இரண்டு தடவையும் கணீரென்று படித்துவிட்டு ஒதுங்கினான். அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் டீமுக்குப் புதுசு. பேச்சிமுத்து பூட்ஸ் கயிறு கட்டுகிற மாதிரியே கயிறு கட்டுகிறவர்கள். அவன் எதைச் செய்தாலும் அதுதான் முறை என்பது அவர்கள் நினைப்பு.

அடுத்தவனும் படித்து முடித்தான். அதற்கடுத்து எங்கள் கோல் கீப்பர் பழனிச்சாமி, கொழிஞ்சாம்பாறைக்காரன். அவனுக்குக் கையும் பெரிசு, மூக்கும் பெரிசு. "இனி மத்தது" என்று டாக்டர் சொன்னதும் இடது கையை மூக்குக்கு மேலே குறுக்கே கொண்டுபோய் வலது கண்ணையே பொத்தினான். மூக்கு அழுந்தி ஒரு தும்மல் போட்டான் பாருங்கள், அறையே அதிர்ந்தது. டாக்டர் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு தரமும் ஒரே கண்ணையா பொத்தறது?" என்று கேட்டார். பழனிச்சாமி பாவம், சூதுவாது தெரியாதவன். "ஏனுங்க டாக்டர், பேச்சி எப்படிப் பொத்துனானோ அப்படியேதானுங்க நானும் பொத்துனேன்."

டாக்டர் போட்ட கணக்கு

பேச்சிமுத்துவைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார் டாக்டர். வலது கண்ணில் பார்வையே இல்லை. வெளிச்சம் எது, இருட்டு எது என்பதோடு சரி. சின்ன வயதில் தோட்டத்தில் கவாத்து வெட்டிப் போட்ட மிலாறுச் சுள்ளியைப் பொறுக்கப் போனபோது வளைந்து நின்ற கிளை ஒன்று விடுபட்டு அடித்ததாம். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ரைட் அவுட்டுக்கு வலது கைப் பக்கம் கோடு, இடது கைப் பக்கம் மைதானம். பார்வையில்லாத கண்ணைக் கோட்டுக்குக் கொடுத்துவிட்டு, பார்வையுள்ள கண்ணால் ஆட்டம் முழுவதையும் பார்த்திருக்கிறான் பையன். ஒரு வருஷம் பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை. அவன் மூளையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அதைச் சொல்கிற நேரம் அதுவல்ல.

டாக்டர் "அன்ஃபிட்" என்றார். ஒரு வருஷம் ஆடி ஒன்றும் ஆகவில்லையே என்று வாதாடினேன். இருக்கிற கண்ணில் ஒரு பந்து பட்டால், ஒரு முழங்கை பட்டால் பையன் வாழ்நாள் முழுக்க இருட்டில் என்றார். இவன் இல்லாவிட்டால் டீம் இல்லை என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஒம்ம டீமுக்கு வேறெ ஆள் கிட்டும் ஓய். இவனுக்கு வேறெ கண்ணு கிட்டுமோ?"

லயத்தில் ஒரு கேள்வி

டீமில் இல்லையென்றால் ஹாஸ்டலிலும் இல்லை. பேச்சிமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியப் போகிறான் என்று பையன்கள் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கோட்டயம் வரை ரயில், அங்கிருந்து மலையேறும் சர்க்கார் பஸ் என்று குலுங்கிக் குலுங்கி வண்டிப்பெரியார் போய்ச் சேர்ந்தேன். லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீட்டில், அவன் அம்மா மாடத்தி கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு எனக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். பேச்சிமுத்து என் முகத்தைப் பார்க்காமல் கதவோரம் நின்றான்.

டாக்டர் சொன்னதை ஒன்றுகூட மறைக்காமல் சொன்னேன். மறு கண்ணுக்கு என்ன ஆபத்து என்பதையும் சொன்னேன். மாடத்தி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு என்னைத் திருப்பிக் கேட்டார்: "அந்தக் கண்ணு தேயிலைல போச்சு சார். கண்ணு போனவன் வேலைக்கு வரக்கூடாதுன்னு கம்பேனி ஒத்த வார்த்த சொல்லல, நாளைக்கே பேர் பதியச் சொல்லுதாவ. வெளையாடத்தான் ரெண்டு கண்ணு கேக்கியளோ?"

கந்தசாமியின் சந்தேகம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் கந்தசாமி என்று பிசிகல் டைரக்டர். எங்கள் இருவருக்கும் மைதானத்தில் ஆகாது, மற்றபடி நல்ல மனுஷன். என் பையன்களை வளைத்துப்போட வருஷா வருஷம் தூண்டில் போடுகிறவர். இந்தத் தடவை நானே அவரிடம் போய்ப் பேச்சிமுத்துவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் கல்லூரியில் ஒரு கண் என்றால் முடிந்தது கதை. அங்கே அப்படியில்லை, ஆபத்தைத் தெரிந்துகொண்டு பையனும் வீட்டாரும் சம்மதித்தால் ஆடலாம் என்றார் அவர்களுடைய டாக்டர். மாடத்தி பஸ் ஏறி வந்து, டாக்டர் எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சம்மதம் சொன்னார். பேச்சிமுத்து கல்லூரி மாறினான்.

கந்தசாமிக்கு மட்டும் திருப்தியில்லை. பையனை மேலும் கீழும் பார்த்தார், என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். "ஏனுங்க, இத்தன வருசமா நாங் கேட்டப்பெல்லாம் ஒரு பையனத் தரமாட்டேன்னீங்க. இப்ப நீங்களே கொண்டாந்து உடறீங்க. நெசமாச் சொல்லுங்க, பையனுக்குக் கண்ணு மட்டுந்தானுங்களே கோளாறு?"

இடைவேளையில் மூன்று பேர்

அந்த வருஷக் கடைசியில் எங்கள் கல்லூரி ஒரு போட்டி நடத்தியது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் டீம்கள் வந்தன. பைனலில் நாங்களும் கந்தசாமியும். ஆட்டம் தொடங்கியதும் பார்க்கிறேன், அதுவரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த பேச்சிமுத்து இடது பக்கம் நிற்கிறான்! அவர்கள் ரைட் அவுட்தான் டீம் கேப்டன்; இடத்தை விட்டுத் தரவில்லையாம். இடது பக்கம் ஓடும்போது பேச்சிமுத்துவுக்குக் கோடு தெரியும், எங்கள் ஆட்கள் வருவது தெரியாது. என் ரைட் பேக் வந்து மோதுகிற வரை ஆள் இருப்பதே தெரியாமல் விழுந்து விழுந்து எழுந்தான். ஒரு முழங்கை அவன் இடது புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது. நல்ல கண்ணுக்கு மேலே. என் டீம் கோல் போட்டதைக்கூட நான் பார்க்கவில்லை. லயத்திலிருந்து அவனைக் கிளப்பிக்கொண்டு வந்தவன் நான்தானே! பயந்துபோனேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இடைவேளை விசில் ஊதியதும் மைதானத்தின் குறுக்கே ஓடினேன். பையனை வலது பக்கம் மாற்றுங்கள் என்றேன். கந்தசாமி சிரித்தார். ஜெயிக்கிற டீம்காரன் வந்து தோற்கிற டீமுக்கு யோசனை சொன்னால் யார் நம்புவார்கள்? "நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பேச்சிமுத்துவைக் கேட்டேன். "வந்த எடத்துல எப்பிடி சார் எடம் கேக்க?" என்றான். அதற்குள் முதலுதவிப் பெட்டியோடு விசு டாக்டர் வந்துவிட்டார். புருவத்தைத் துடைத்து மருந்து வைத்து ஒட்டினார். கண்ணை விரித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தபின்தான் மூச்சு விட்டார். பிறகு கந்தசாமியிடம் திரும்பினார்: "இவன் ஆடப்படாதுன்னு எழுதினது நானாக்கும். ஆடறதுன்னே ஆயாச்சுன்னா வலது பக்கம் ஆடட்டும். இல்லேன்னா இந்த மேட்ச் நடக்காது, நான் நடுவிலே போய் உக்காந்துப்பேன்."

பிரின்சிபாலின் கேள்வி

கேப்டன் முகத்தைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் போனான். பேச்சிமுத்து வலது பக்கம் வந்தான். அதற்கப்புறம் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. தோற்றவன் வாயால் அதையும் சொல்ல வைக்காதீர்கள். எங்கள் லெஃப்ட் பேக் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் பாதி கோட்டுக்கு வெளியே. கோப்பை பொள்ளாச்சி பஸ் ஏறியது. விசு டாக்டர் அவர்கள் போட்ட ஒவ்வொரு கோலுக்கும் எழுந்து நின்று கைதட்டியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மேடையில் இருந்த எங்கள் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். அந்த ரைட் அவுட் நம் காலேஜில் இருந்த பையன்தானே, ஏன் விட்டீர் என்று கேட்டார். மெடிக்கலில் அன்ஃபிட் சார் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தார். "அவன் அன்ஃபிட்டுன்னா, ஃபிட்டா இருந்த நம்ம பதினொருத்தருக்கும் என்ன கேடு?"

தேயிலைப் பொட்டலம்

பேச்சிமுத்து டிகிரி முடிக்கிற வரை அங்கேயே ஆடினான். பரீட்சை முடிந்த கையோடு ஒரு பொட்டலம் தேயிலைத்தூளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பீர்மேட்டில் ஒரு எஸ்டேட் ஆபீசில் வேலை கிடைத்திருக்கிறதாம். கூடை தூக்க வேண்டாம், பேனா பிடித்தால் போதும். மாடத்தி அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாராம். இடது கண் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றியது.

எஸ்டேட் டீமில் சேர்ந்தாயா என்று கேட்டேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டேன் என்றான். எனக்குச் சுருக்கென்றது. அங்கேயும் எவனாவது டாக்டர் வந்து வேண்டாம் என்றுவிட்டானா என்று சண்டைக்கு எழுந்தேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "யாரும் நிறுத்தல சார், நானாத்தான் நிறுத்துனேன். ஆச தீர ஆடியாச்சு, இனி இந்தக் கண்ணு ஆபீசுக்கு வேணும்லா?"

ஜெயித்த கோப்பைகளை எல்லாம் பிரின்சிபால் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்; என் சர்வீசில் எனக்கென்று மிஞ்சியது, நல்ல ரைட் அவுட் ஒருவனை எதிராளிக்குக் கொடுத்து, அவனை எங்கே நிறுத்த வேண்டும் என்றும் ஓடிப்போய்ச் சொல்லி, மனசாரத் தோற்ற அந்த ஒரு மேட்ச்தான்.