உதியன்குளங்கரையில் கீழே வைத்த கத்தி

பேரன் மலையேறப் போகிறானாம். கூரியரில் வந்த அட்டைப்பெட்டியை என் கட்டிலில் வைத்துத்தான் பிரித்தான். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் ஒரு கத்தி. "அப்பூப்பா, இது மடங்காத டைப்பாக்கும். விலையும் கொறவு. நூறு வீடியோ பாத்துட்டுத்தான் வாங்கினேன்" என்றான். உறையை மூக்கருகே கொண்டுபோனேன். புது மழைக்கோட்டின் வாடை. நான் தேடிப்போனது அதுவல்ல, நனைந்த கமுகம்பாளையின், பாக்குமரத்துப் பாளையின் வாடை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

நான் கத்தி வாங்கப் போனபோது வீடியோ இல்லை, செல்லையன் இருந்தான். குளத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு புரையிடம், நாலு வீட்டுமனை தள்ளி அவன் வீடு. ஒரே சபைக்கோயிலில் ஞானஸ்நானம், ஒரே நாளில் நிலம் அளக்கும் சர்வேயில் சங்கிலி பிடிக்கிற வேலை. தற்காலிகம்தான். சங்கிலியும் கொடியும் சர்க்கார் தரும். குறுக்கே நிற்கிற செடிகொடிகளை வெட்டிப் பார்வைக்கு வழி செய்யக் கத்தி மட்டும் நாமே கொண்டுவர வேண்டும். கத்தி இல்லாமல் வந்தவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

பாறசாலைச் சந்தையில் என் கண் நேராகப் பித்தளைப் பூண் போட்ட மடக்குக் கத்தியில் போய் விழுந்தது. அப்போதே எனக்கு மினுக்கம் என்றால் தலை சுற்றும். செல்லையன் அதை என் கையிலிருந்து பிடுங்கி வைத்தான். "மடங்குற எடத்தில மண்ணு கேறும் மக்கா. ஒருநாள் கத்திக்குப் பதிலா உன் வெரலு மடங்கும்." பிறகு சாக்கில் கிடந்த கறுத்த கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சுண்டி, காதில் வைத்துக் கேட்டான். பிடிக்குள் போன வால் மறுமுனையில் வெளியே வந்து அடித்து மடக்கியிருக்கிறதா என்று பார்த்தான். பிடி வழுவழுப்பாக இருந்தால் வியர்த்த கைக்கு ஆகாது என்று ஒதுக்கினான். கடைசியில் லாரியின் பழைய வில்பட்டையில் அடித்த இரண்டைத் தேர்ந்தெடுத்தான், ஒரு சாண் நீளம் கூட வராது. பார்க்க லட்சணமே இல்லை. ஆனால் அந்தக் கத்தி வள்ளிக்கொடியை வெட்டினால் வெட்டியது கைக்கே தெரியாது. உறையும் அவன்தான் செய்தான். கமுகம்பாளையை நனைத்து மடித்துச் சாக்கூசியால் தைத்து எனக்கொன்று, அவனுக்கொன்று.

மலையாளச் சர்க்காரின் கீழ் இருந்த எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் கடையடைப்புமாக இருந்த வருஷங்கள் அவை. தமிழ் பேசுகிறவன் நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் லத்தியைத் தூக்கும். ஒருநாள் சாயங்காலம், ஆயுதம் எடுத்துக்கொண்டு ரோட்டில் நடக்கக்கூடாது என்று தண்டோரா போட்டுப் போனார்கள். மறுநாள் எங்களுக்கு ஒற்றசேகரமங்கலத்தில் வேலை. உதியன்குளங்கரைச் சந்திப்பைத் தாண்டாமல் போக வழியில்லை. கத்தி கொண்டுபோனால் போலீஸ், போகாவிட்டால் வேலை கிடையாது. ஒரு கேஸ் விழுந்தால் சர்க்கார் வேலையை ஆயுசுக்கும் மறந்துவிட வேண்டியதுதான்.

"எப்பிடிடே கொண்டு போறது?" என்று செல்லையன் கேட்டான்.

"முதுகில சொருகி மேல சட்டையப் போடு. ஒருத்தனுக்கும் தெரியாது" என்றேன். அவ்வளவு பெரிய மூளை என்னுடையது.

காலையில் நான் முன்னால் போனேன். செல்லையன் வழியில் சாயா குடிக்காமல் வரமாட்டான், எப்போதும் பத்து நிமிஷம் பின்னால்தான். சந்திப்பில் ஒரே ஒரு போலீஸ்காரர், நடுவயது. என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். முதுகில் கத்தியை வைத்துக்கொண்டு எவனால் சாதாரணமாக நடக்க முடியும்? சட்டையைத் தூக்கச் சொன்னார். கத்தியை உறையோடு உருவி அவரிடம் நீட்டினேன்.

அவர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கையில் தரண்டா. தாழெ வய்க்கு. நம்மள் தம்மில் வழக்காவும்."

கையில் தர வேண்டாம், கீழே வை என்கிறார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்குள் சண்டை வரும் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். என்னைப் பிடித்து உள்ளே போட வேண்டியவர் என்னோடு சண்டை வரக்கூடாது என்று பார்த்தது அந்தப் பயத்திலும் எனக்கு விசித்திரமாக இருந்தது. ரோட்டோரத்தில் வைத்தேன். குனிந்து எடுத்தார். உறையைக் கழற்றி, விளிம்பில் ஒட்டியிருந்த பலாப்பசையை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். சங்கிலி வேலை என்று சொன்னேன். பாளை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதையும் கத்தியையும் திரும்பத் தரையில் வைத்தார். ஒளித்தால் ஆயுதம், வெளியே தெரிந்தால் பணிச்சாமான், இடுப்பில் கட்டிக்கொண்டு போ என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

கட்டிக்கொண்டு ஓடாத குறையாக நடந்தேன். வளைவு தாண்டும்போது எதிரே ஒரு போலீஸ் ஜீப் சந்திப்பை நோக்கிப் போனது. முன்சீட்டில் இன்ஸ்பெக்டர். செல்லையன் வந்துகொண்டிருப்பான், முதுகில் கத்தி. எனக்கு நன்றாகத் தெரியும். ஜீப் என்னைத் தாண்டியாயிற்று என்பதும் சரிதான். ஆனால் வயல்வழியே குறுக்காக ஓடினால் சாயாக்கடையிலேயே அவனைப் பிடித்திருக்கலாம். நின்றேன். திரும்பவும் போலீஸ் கண்ணில் பட்டால் என் வேலை போய்விடும் என்று தோன்றியது. வேலைக்குப் போனேன்.

அன்று இன்ஸ்பெக்டர் முன்னால் அந்த நல்ல போலீஸ்காரரால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது. செல்லையன் மூன்று வாரம் உள்ளே கிடந்தான். வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை. வேலையும் போயிற்று. பார்க்கப் போனேன்.

"நீ எப்பிடி மக்கா தப்பினே?"

"காலத்தே யோசிச்சேன். வெளிய தெரிய இடுப்பில கெட்டிக்கிட்டேன்" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. செல்லையன் விழுந்து விழுந்து சிரித்தான். "கள்ளா! எனக்கு அந்தப் புத்தி வரல்லியே!"

பிறகு எல்லை போட்டார்கள், எங்கள் தாலுகா மலையாளத்தோடே நின்றுவிட்டது. அவன் மனைவி வீட்டாரோடு எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில் களியக்காவிளைப் பக்கம் போய்ச் சைக்கிள் கடை வைத்தான். நான் இந்தப் பக்கம், நிரந்தரமாகி, சர்வேயராகி, பென்ஷனும் வாங்குகிறேன். எந்தக் கல்யாண வீட்டில் கண்டாலும் என்னைப் பிடித்து நிறுத்தி, நல்ல காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குச் சொல்வான்: "இவனாக்கும் ஆளு! போலீசுக்க முன்னால கத்தியத் தொங்கவிட்டு நடந்தவன். நான் மண்டன், முதுகில ஒளிச்சேன்." முதுகில் ஒளிக்கச் சொன்னது நான் என்பதை ஒருநாளும் சொல்ல மாட்டான். மறந்திருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று அவனைத் தனியே கூப்பிட நினைப்பேன். அதற்குள் சாப்பாட்டுக்குப் பந்தி விரித்துவிடுவார்கள்.

உதியன்குளங்கரையில் இப்போது யாரும் யாரையும் நிறுத்துவதில்லை. பஸ்ஸில் கண் அசந்தால் எல்லை தாண்டிவிடும், பலகையில் எழுதிய மொழி மாறுவதுதான் அடையாளம். செல்லையனும் போன வருஷம் போய்விட்டான். அடக்கம் முடிந்து எல்லோரும் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அவன் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, அப்பா சொல்லுவாவல்லா, அந்தக் கத்திக் கதெ. அத நீங்க ஒருக்கச் சொல்லுங்க. பிள்ளைய கேக்கட்டும்."

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். செல்லையன் சொல்வதைப் போலவே சொன்னேன், ஒரு வார்த்தை மாற்றவில்லை.