டார்ஜிலிங் மலையில் முருகன் இல்லை

இன்று நானும் மனைவியும், புலம்பெயர்ந்து வந்து வாழும் நகரின் வில்லரேப் பகுதியில் பூக்கன்று வாங்கப் போனோம். கடைக்காரப் பெண்ணின் ஊர் டார்ஜிலிங்.

கைபேசியில் படம் காட்டினார். பின்னால் கஞ்சன்ஜங்காவின் பனி, முன்னால் சரிவு முழுக்கச் செக்கச்செவேலென்று ரோடோடென்ட்ரன் பூ.

முருகன் கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். முருகனையே அவருக்குத் தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ, உலகத்து மலையெல்லாம் முருகன்ரயே? பேசாம வாங்கோ," என்றாள் மனைவி.

கடைக்காரப் பெண் சொன்னார்: மலை உச்சியில் சிவன் கோயிலாம். வெள்ளைக்காரர் வருமுன் அங்கே புத்த மடமும் இருந்ததாம். இன்றும் ஐயரும் பிக்குவும் ஒரே சந்நிதியில் அருகருகே இருந்து பூசை செய்கிறார்களாம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முருகன் இல்லாத மலையும் உண்டென்று நம்பிவிட்டேன். அந்தப் பூசையை மட்டும் நேரில் போய்ப் பார்த்துத்தான் நம்புவேன்.

ஆர் வாறியள்?